துண்டும் ஐந்தொகையும்



இரண்டு காகிதங்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். ஒன்று, என் முன்னோர் காலத்திலே தோட்டத் தொழிலாளியின் பெயரால் எழுதப்பட்ட "துண்டு". மற்றையது, கம்பனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் "ஐந்தொகை". முன்னதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டேன். பின்னதை வாசிக்கக் கொழும்பு மாநகரிலே நான்கு ஆண்டுகள் கற்றேன். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரமே என் கல்வி என்று சொன்னால் அது மிகையாகாது.

என் ஊர், பேச்சிலே றக்வான என்றும் எழுத்திலே இறக்குவானை என்றும் வழங்கும் சிற்றூர். சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மலைச்சரிவிலே தேயிலை, தாழ்வாரத்திலே இறப்பர், பள்ளத்திலே இரத்தினக்கல் அகழும் குழிகள் என்று மண்ணின் மேலும் கீழும் செல்வம் நிறைந்த பூமி அது. அச்செல்வத்தின் கணக்கு எங்கே எழுதப்படுகின்றது என்னும் வினா சிறுவயதிலேயே என் மனத்தில் எழுந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் தாயார் கொழுந்து பறிப்பவர். தந்தையார் இறப்பர் மரத்திற் பால் வெட்டுபவர். தோட்டத்திலே ஒரு நாள் வேலையைப் "பேர்" என்பார்கள். காலையிற் பெரட்டுக் களத்தில் நின்று, குறித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். அந்தப் பேரைச் செக்ரோல் என்னும் ஏட்டிற் பதிபவர் கணக்கப்பிள்ளை. ஆகவே தோட்டத்துப் பிள்ளை முதன்முதலிற் காணும் கணக்காளர் அவரே. சம்பள நாளின் மாலையில், லயத்து வாசலில் விளக்கடியில் அமர்ந்து, அம்மாவின் சம்பளச் சீட்டை உரக்க வாசிப்பது என் கடமை. இத்தனை பேர், இத்தனை கிலோ, சேமலாப நிதிக்கு இவ்வளவு, சங்கத்துக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, முற்பணத்தில் இவ்வளவு என்று வாசித்து முடிப்பேன். "மிச்சம் எவ்வளவு புள்ள?" என்பதொன்றே அம்மா கேட்கும் கேள்வி. கழிக்கப்பட்ட தொகைகள் எங்கே போகின்றன என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அன்று எனக்கு விடை தெரியாது.

இனி, துண்டு என்பது யாதென இளைய நேயர்கள் அறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களை அழைத்து வந்தவர் கங்காணி. அவர் கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறின. அத்தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால் ஒரு சீட்டு வேண்டும். இவரது கடன் இவ்வளவு. இதனைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம் என்று பழைய தோட்டத்தார் அதில் எழுதிக் கொடுப்பார்கள். அதுவே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைக் கட்டும். கட்டிய பணம் மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். ஆள் இடம் மாறுவான், கடன் மாறாது. அந்தக் கணக்கை எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர். எவர் பெயரில் எழுதப்பட்டதோ அவருக்குப் பெரும்பாலும் வாசிக்கத் தெரியாது. 1921 ஆம் ஆண்டிற் சட்டத்தினால் இம்முறை ஒழிக்கப்பட்டது. எனினும், "கணக்கு என்றால் நாம் கொடுக்க வேண்டியது" என்னும் எண்ணம் எங்கள் லயங்களை விட்டு எளிதில் நீங்கவில்லை.

நான் உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவைத் தேர்ந்தது பெரும் இலட்சியத்தினால் அன்று. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத பாடசாலைகளில் மாணவர் முன்னே இருக்கும் வழிகள் கலையும் வர்த்தகமுமே. கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்னும் மூன்று பாடங்களுக்கும் வேண்டுவது கரும்பலகையும் ஒரு நல்ல ஆசிரியருமே. எங்களுக்கு அந்த நல்ல ஆசிரியர் வாய்த்தார். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில், திறமை அடிப்படையில் ஒரு பகுதியும், மாவட்ட அடிப்படையில் ஒரு பகுதியும் இடங்கள் ஒதுக்கப்படுவதோடு, கல்வி வசதி குறைந்தனவாகக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலும் நூற்றுக்கு ஐந்து இடங்கள் உண்டு. இரத்தினபுரி அப்பதினாறில் ஒன்று. இந்த ஏற்பாடும், 1945 ஆம் ஆண்டிலே தொடங்கிய இலவசக் கல்வியும் இல்லாதிருந்தால் இன்று நான் உங்கள் முன் பேசும் வாய்ப்பு நேர்ந்திராது. ஆயினும் ஒன்று கூற வேண்டும். அந்த இலவசக் கல்வி நாடெங்கும் பரவிய காலத்தில் தோட்டப் பாடசாலைகள் பல, தோட்ட நிருவாகத்தின் கீழேயே தங்கிவிட்டன. 1970களின் பிற்பகுதி தொடங்கியே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஒரு தலைமுறை பிந்திப் புறப்பட்டவர்கள் நாங்கள்.

2019 ஆம் ஆண்டிற் கொழும்புக்கு வந்தேன். இறக்குவானையிலிருந்து மாதம்பை, கஹவத்தை, பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை என்று பஸ் வண்டி இறங்கி வரும். அவிசாவளையோடு இன்று நின்றுவிடும் களனிவெளி இரயில் பாதை முன்னாளில் இரத்தினபுரியையும் கடந்து ஓப்பநாயக்கை வரை சென்றது. தேயிலைப் பெட்டிகளும் இறப்பர் பொதிகளும் கொழும்புக்குச் சென்ற வழியிலேதான் நானும் செல்கின்றேன் என்ற நினைவு அப்பயணத்தில் எனக்கு வந்தது. எங்கள் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குச் செல்லும் இளைஞர் பலர் புறக்கோட்டைக் கடைகளிலே சிப்பந்திகளாகின்றனர். பெண்பிள்ளைகள் பலர் வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். என்னோடு ஒரே வகுப்பிற் படித்த தோழன் ஒருவன் துணிக்கடையொன்றில் நின்றான். நான் புத்தகப் பையோடும் அவன் துணிப் பொதியோடும் ஒரே தெருவிற் சந்தித்துக் கொண்ட நாட்கள் உண்டு. அவனுக்கும் எனக்கும் அறிவில் வேற்றுமை இல்லை; பரீட்சைப் புள்ளியில் இருந்த சிறு வேற்றுமையே எங்களைப் பிரித்தது.

மாநகர வாழ்வு எளிதாக அமையவில்லை. அறை வாடகை, பஸ் கட்டணம், அச்சுப் பிரதிச் செலவு என்று மகாபொல உதவிப்பணமாகிய 5,000 ரூபாய் மாதத்தின் முதல் வாரத்திலேயே கரைந்தது. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. தமிழிலே நன்கு அறிந்த பொருளையும் ஆங்கிலத்திற் கேட்டபோது அடையாளம் காண இயலாமற் போயிற்று. "கிரெடிட்" என்னும் ஒரு சொல்லே என்னைப் பல வாரங்கள் தடுமாற வைத்தது. எங்கள் தோட்டத்துக் கடைக்காரர் கொப்பியில் எழுதி வைத்துச் சாமான் தருவதை நாங்கள் கடன் என்போம். கடைப் பலகையில் அது கிரெடிட் எனப்படும். கணக்கியலிலோ அது ஏட்டின் வலப்பக்கம். தமிழிலே நாம் வரவு, செலவு என்று கற்றதை அங்கே வேறு சொற்களால் மீண்டும் கற்க நேர்ந்தது.

கற்கக் கற்க ஓர் உண்மை புலனாயிற்று. இரட்டைப் பதிவு முறையின் உயிர்நிலை மிக எளியது. ஒருவர் பெற்றால் மற்றொருவர் கொடுத்திருக்க வேண்டும்; ஆதலால் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இரு இடங்களிற் பதிய வேண்டும். இத்தாலிய வணிகரிடையே வழங்கிய இம்முறையை, லூக்கா பச்சியோலி என்னும் துறவி 1494 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட தமது கணித நூலில் விளக்கினார். தமிழரும் கணக்கில் பின்தங்கியவர் அல்லர். கொழும்புச் செட்டியார் தெருவிலே கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார், பிரித்தானிய வங்கிகளுக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையிலே நின்று, வங்கிகள் கடன் கொடுக்க முன்வராதோருக்கும் கடன் கொடுத்து, நாள் தவறாமல் ஏடெழுதி வாழ்ந்தவர்கள். உள்ளூர் மக்களுக்குக் கடன் வசதி போதாமையை ஆராய 1934 ஆம் ஆண்டில் வங்கி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டதும், அதன் பயனாக 1939 ஆம் ஆண்டில் இலங்கை வங்கி தோன்றியதும் அந்த வரலாற்றின் தொடர்ச்சியேயாகும்.

ஆனால் வகுப்பறையினும் மேலான பாடசாலை கொழும்பு நகரமே. கோட்டைப் பகுதியில் ஒரு மணி நேரம் நடந்தால் இந்நாட்டின் நிதி முழுவதையும் கண்டு விடலாம். மத்திய வங்கி அங்கே இருக்கின்றது. 1950 ஆம் ஆண்டில் அது தொழிற்படத் தொடங்கிற்று. அதற்கு அண்மையிலே கொழும்புப் பங்குச் சந்தை. அச்சந்தையின் மூலத்தைத் தேடிச் சென்றபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. இந்நாட்டிற் பங்கு வியாபாரத்தை ஒழுங்காக நடத்த 1896 ஆம் ஆண்டிலே கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் நிறுவப்பட்டது. அன்று கைமாறிய பங்குகளிற் சிறந்து விளங்கியவை தேயிலைத் தோட்டக் கம்பனிகளின் பங்குகளே. மலையிலே காடு வெட்டித் தேயிலை நடுவதற்கு வேண்டிய முதலைத் திரட்டும் பொருட்டு வளர்ந்ததே அச்சந்தை. கண்ணாடிக் கோபுரத்துள் மின்திரையில் ஓடும் எண்களின் வேர், எங்கள் மலைச் சரிவிலே இருந்தது.

தேயிலை ஏலமும் அவ்வாறே. 1883 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடைபெற்றது. 2019 இல் எங்கள் வகுப்பினரை வர்த்தகச் சங்க மண்டபத்துக்கு அழைத்துச் சென்று ஏலத்தைக் காட்டினார்கள். படிப்படியாய் உயர்ந்த ஆசனங்களில் வாங்குவோர். கீழே மேடையில் தரகர். பட்டியலின் இலக்கத்தைத் தரகர் சொல்வார், வாங்குவோர் விலை கூவுவர், சுத்தியல் விழும். எங்கள் பகுதித் தோட்டமொன்றின் அடையாளப் பெயரைத் தரகர் வாசித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் அது விற்பனையாகி அடுத்த இலக்கம் வந்துவிட்டது. எத்தனையோ பெண்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்து, ஒருமுறை மூச்சு விடும் நேரத்திலே விலையாகிப் போயிற்று. அங்கிருந்த எவரும் அதிலே தவறு செய்யவில்லை. சந்தை அவ்வாறுதான் இயங்கும். 2020 ஆம் ஆண்டின் தொற்றுக் காலத்தில் ஏலம் கணினி வழிக்கு மாறியது. இப்போது கூவும் குரலும் இல்லை.

நிதித்துறையில் ஏற்படும் நோய் மலைக்கு எவ்வாறு ஏறுகின்றது என்பதையும் வரலாறு கற்பித்தது. இறக்குவானை அன்று புகழ்பெற்ற கோப்பிப் பிரதேசங்களில் ஒன்று. 1869 ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோய் கோப்பியைச் சிறுகச் சிறுக அழித்தது. தோட்டக்காரருக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்திற் கதவடைத்தது. அவ்வங்கியின் நோட்டுகளே மக்கள் கையில் நாணயமாகப் புழங்கியமையால் நாடே கலங்கிற்று. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கப் பொறுப்பு அளித்தார். அதன்பின் அரசே காகித நாணயம் வெளியிடும் ஏற்பாடு வந்தது. நோட்டு வைத்திருந்தோருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாய் நின்ற தொழிலாளருக்கோ? அந்தக் காலத்துச் சட்டங்கள் தொழிலாளரின் சம்பளம் தோட்டச் சொத்தின்மீது முதற் பொறுப்பாகும் என்று விதித்தன. சட்டம் அவ்வாறு சொன்னதே ஒரு பெரும் முன்னேற்றம். ஆனால் தனக்கு முதலுரிமை உண்டு என்று அறியாதவனுக்கு அவ்வுரிமையால் என்ன பயன்?

வரலாற்றிலே படித்தது, என் கண்முன்னே நிகழ 2022 ஆம் ஆண்டு வந்தது. ஏப்ரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாய் வரை ஏறிற்று. மண்ணெண்ணெய்க்கு நீண்ட வரிசை; மின்வெட்டில் மெழுகுவர்த்தி ஒளியில் நாங்கள் வட்டிக் கணக்குப் படித்தோம். அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 70 அளவு உயர்ந்திருந்தது. அக்காலத்தில் தேயிலைக்கு நேர்ந்ததை ஈண்டு நோக்குங்கள். 2021 ஆம் ஆண்டின் இரசாயன உர இறக்குமதித் தடையினால் விளைச்சல் குன்றியது. 2021 இல் 30 கோடி கிலோவை அண்மித்திருந்த நாட்டின் உற்பத்தி 2022 இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. ஆனால் ரூபாயின் மதிப்பு இறங்கியமையால் ஏலத்திலே கிலோவின் சராசரி விலை ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று.

தொழிலாளியின் நாட்சம்பளமோ, 2021 இல் விதிக்கப்பட்ட 1,000 ரூபாயாகவே நின்றது. 2024 செப்டெம்பரிலேதான் அது 1,350 ரூபாயாயிற்று. உரத்தின் விலையும் எரிபொருளின் விலையும் ஏறியதனால் கம்பனிகளின் செலவும் ஏறிற்று என்பது உண்மை. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் ஒரு பண்டத்தின் விலை டொலரைத் தொடர்ந்து ஏற, அதைப் பறித்த கையின் கூலி ரூபாயோடு கட்டுண்டு கிடந்தால், இடையே உள்ள வேறுபாட்டை யார் சுமந்தார்கள்? அந்த வினாவைக் கேட்கும் மொழி இப்போது எனக்குக் கிடைத்திருந்தது.

அவ்வாண்டில் எனக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. பங்குச் சந்தையிலே இடம்பெற்ற ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையை ஆராய்ந்து எழுத வேண்டும். தோழர்கள் வங்கிகளையும் விருந்து விடுதிகளையும் தேர்ந்தனர். நான் பெருந்தோட்டக் கம்பனி ஒன்றைத் தேர்ந்தேன். 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்கள் 1992 ஆம் ஆண்டு முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின; அவற்றிற் பல பங்குச் சந்தையில் உள்ளமையால் அவற்றின் கணக்குகளை யாவரும் பார்க்கலாம். விடுமுறையில் லயத்து வீட்டில் அமர்ந்து அவ்வறிக்கையை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா அருகில் வந்து நின்றார்.

"அது என்ன புத்தகம் புள்ள?"

"தோட்டக் கம்பனி கணக்கும்மா."

"அதுல எங்க பேரு இருக்கா?"

பேர் என்று அவர் கேட்டது, பெயரையா, பேர் போடும் வேலையையா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் இல்லை என்றே சொல்ல வாயெடுத்தேன். அச்சமயம் ஐந்தொகையின் ஒரு வரியில் என் விரல் நின்றது. ஐந்தொகை என்பது, ஒரு நிறுவனம் குறித்த ஒரு நாளில் எவற்றை உடையது, எவருக்கு எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டது என்பதைக் காட்டும் கூற்று. அதன் பொறுப்புகள் பகுதியில், ஓய்வுக்காலப் பணிக்கொடை என்ற தலைப்பில் ஒரு பெருந்தொகை இருந்தது. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாமல் வேலை செய்து விலகும் நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 14 நாட் சம்பளம் கொடுபட வேண்டும். முப்பதாண்டு உழைத்தவரின் இறுதி நாட்சம்பளம் 1,000 ரூபாயாயின் அத்தொகை 420,000 ரூபாயாகும். தொழிலாளர் மிகுந்த தோட்டக் கம்பனிகளின் பொறுப்புகளில் இதுவே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கக் காணலாம்.

"இருக்கும்மா," என்றேன். "கம்பனி உங்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன்னு போட்டிருக்கு."

அம்மா நம்பவில்லை. கம்பனி தமக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது அவருக்கு விளையாட்டுப் பேச்சாகத் தோன்றிற்று. துண்டிலே கடனாளியாக எழுதப்பட்டவரின் வழித்தோன்றல், ஐந்தொகையிலே கடன் கொடுத்தவராக எழுதப்பட்டிருக்கின்றார். ஒரு நூற்றாண்டில் ஏட்டின் பக்கம் மாறிவிட்டது. மாறியதை அவருக்கு எவரும் வாசித்துக் காட்டவில்லை.

அம்மா ஓய்வு பெற்றபோதே இவ்வறிவின் பயனை நான் முற்றாக உணர்ந்தேன். சேமலாப நிதியைப் பற்றி ஈண்டுச் சில சொல்ல வேண்டும். 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி, தொழிலாளி தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில் கொள்வோர் நூற்றுக்கு 12 பங்கும் இந்நிதிக்குச் செலுத்த வேண்டும். 20,000 ரூபாய் சம்பளமாயின் தொழிலாளியின் பங்கு 1,600; தொழில் கொள்வோரின் பங்கு 2,400; ஆக 4,000 ரூபாய் அவர் பெயரிற் சேரும். இதுவன்றி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் கொள்வோர் நூற்றுக்கு 3 பங்கு செலுத்துவர். சேமலாப நிதியின் பணத்தைப் பேணி முதலீடு செய்வது மத்திய வங்கி. உரிமைக் கோரிக்கைகளைத் தீர்ப்பது தொழில் திணைக்களம். 2022 முடிவில் அந்நிதி மூன்று இலட்சம் கோடி ரூபாயைக் கடந்திருந்தது. அதன் பெரும்பகுதி அரசாங்க முறிகளில் இடப்பட்டது. அதாவது, அரசு கடன் வாங்கும்போது அதற்குக் கடன் கொடுப்போரில் என் தாயாரும் ஒருவர். 2022 ஆம் ஆண்டுக்கு அந்நிதி அளித்த வட்டி நூற்றுக்கு 9. விலைவாசி 70 உயர்ந்த ஆண்டில் 9 பெற்ற சேமிப்பு, எண்ணிக்கையில் வளர்ந்து மதிப்பில் தேய்ந்தது. 2023 இல் நாட்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, நிதியின் முறிகளிற் பெரும்பகுதி பின்னாளில் முதிரும் புதிய முறிகளாக மாறிற்று. கோட்டையிலே எடுக்கப்படும் தீர்மானம் எங்கள் லயத்து வாசலுக்கு வந்து சேரும் வழி இதுவேயாகும்.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையினின்று நீங்கி இந்நிதியைப் பெறலாம். அம்மா விண்ணப்பிக்க முனைந்தபோது ஓர் இடர் தோன்றியது. செக்ரோலில் இருந்த பெயர் ஒன்று; பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயர் ஒன்று; அடையாள அட்டையில் இருந்த பெயர் மற்றொன்று. ஒன்றிலே தகப்பனார் பெயரின் முதலெழுத்து, இன்னொன்றிலே பாட்டனாருடையது. ஒன்று சிங்களத்தின் வழியாகவும் மற்றொன்று ஆங்கிலத்தின் வழியாகவும் எழுதப்பட்டுத் திரிந்தது. முப்பதாண்டுகளுக்கு முன் யாரோ ஓர் எழுத்தர் அவசரத்தில் எழுதிய ஓர் எழுத்து, ஓய்வுநாளில் எங்களை வழிமறித்தது. அதுவன்றி, பழைய மாதங்கள் சிலவற்றின் பணமும் கணக்கில் ஏறியிருக்கவில்லை.

முன்னொரு காலமாயின் அம்மா தலைவிதி என்று திரும்பியிருப்பார். நாங்கள் அவ்வாறு செய்யவில்லை. அம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்த பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்தோம். சிறுவயதில் நான் வாசித்துக் காட்டிய சீட்டுகளும் அவற்றில் இருந்தன. ஆண்டு வாரியாக அடுக்கி, கழிக்கப்பட்ட தொகையை ஒரு பக்கமும் நிதிக்கணக்கில் ஏறிய தொகையை மறுபக்கமும் எழுதினேன். வகுப்பிலே வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்று கற்ற பாடமே அது. விடுபட்ட மாதங்கள் தாமாகவே தெரிந்தன. மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி பெற்று, கிராம உத்தியோகத்தரின் உறுதியும் இணைத்துக் கொடுத்தோம். பல முறை அலைய நேர்ந்தது. பதினோராம் மாதத்திற் பணம் வந்தது. விடுபட்ட மாதங்களில் இரண்டொன்று இன்னும் தீரவில்லை.

இதைக் கேள்வியுற்று அயல் லயத்தார் தங்கள் தகரப் பெட்டிகளோடு வரத் தொடங்கினர். விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் எங்கள் வாசலில் நாலைந்து பேர் இருப்பார்கள். பெயர் வேறுபாடு இல்லாத பெட்டிகள் அரிது. ஆகவே நேயர்களுக்குச் சில வேண்டுகோள். சம்பளச் சீட்டை ஒருபோதும் எறியாதீர்கள். அடையாள அட்டையிலும் சேமலாப நிதிப் பதிவிலும் பெயர் ஒன்றாக இருக்கின்றதா என்று, ஓய்வு பெறும் நாள்வரை காத்திராமல் இன்றே பாருங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்குரிய பணம் அடுத்த மாத முடிவுக்குள் நிதிக்குச் சென்றிருக்க வேண்டும் என்பது விதி. பணிக்கொடையோ, வேலையினின்று நீங்கி 30 நாட்களுக்குள் கொடுபட வேண்டும். இவை எவருடைய கருணையும் அல்ல, எழுதப்பட்ட கடமைகள்.

நிதியும் வணிகமும் கற்க விரும்பும் மலைநாட்டு மாணவருக்கும் ஒரு வார்த்தை. பெலிகுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவம் கற்கலாம். கொழும்புதான் வேண்டும் என்பதில்லை. 1959 ஆம் ஆண்டிலே சட்டத்தால் நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகள், பல்கலைக்கழகம் புகாதவருக்கும் திறந்திருக்கின்றன. ஆங்கிலத்துக்கு அஞ்சாதீர்கள்; அதுவும் கணக்கைப் போலப் பயிற்சியால் வருவதே. இத்துறையிலே வேலை கிடைத்தால் கையிற் பணம் சேரும். அதை விரும்புவதில் தவறில்லை. நானும் இப்போது கொழும்பிலே ஒரு கணக்காய்வு அலுவலகத்திற் பயிற்சி பெறுகின்றேன். வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றேன். ஆனால் கற்ற மொழியை ஊருக்குத் திரும்பக் கொண்டு செல்லுங்கள். துணிக்கடையில் நின்ற என் தோழன் தன் சம்பளத்தில் நிதிக்குக் கழிக்கப்படுகின்றதா என்று இப்போது கேட்டறிகின்றான். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கேட்கலாம் என்று யாரேனும் சொல்ல வேண்டும், அவ்வளவே.

சென்ற முறை ஊருக்குப் போனபோது அம்மா ஒரு கொப்பி வாங்கி வரச் சொன்னார். என்னத்துக்கு என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் புதிதாகக் கொழுந்துக்குப் போகின்றாளாம்; அவளுக்கு முதல் நாளிலிருந்தே எழுதி வைக்கப் பழக்க வேண்டுமாம். நடுவிலே கோடு கிழித்து, ஒரு பக்கம் கொடுத்தது, ஒரு பக்கம் வந்தது என்று அம்மாவே தலைப்புச் சொல்ல, அந்தப் பெண் எழுதினாள். முதல் வரியில் அவள் தன் பெயரை, அடையாள அட்டையைப் பார்த்து, எழுத்துப் பிழையின்றி எழுதிக் கொண்டாள்.